நாடா முட்டி நிற்கும் இடம்

வாலாஜாபாத் பக்கம் ஐயம்பேட்டையில் தறிச்சத்தம் கேட்டு நடந்தவர்களுக்கு இதைச் சொல்வது எளிது. நாடா பாவுக்குள் ஓடும்போது அதிகச் சத்தமில்லை. இரு முனையிலும் முட்டி நிற்கிறதே, அங்கேதான் தறி அதிர்கிறது. மோட்டார் சைக்கிளின் பிஸ்டனும் ஒரு நாடாதான். மேலே போய் ஒரு கணம் நிற்கும், கீழே வந்து ஒரு கணம் நிற்கும்.

நெடுந்தூரம் வேகமாகப் போகிறவரைச் சோர வைப்பவை எதிர்காற்றும் இந்த அதிர்வும். காற்றுக்கு நல்ல வழி காட்டியது 1976-இல் வந்த பிஎம்டபிள்யூ ஆர்100ஆர்எஸ். காற்றுச் சுரங்கத்தில் சோதித்துச் செதுக்கிய முன்மூடி அதற்கு உண்டு. அதிர்வு அவ்வளவு சுலபமாக அடங்கவில்லை.

பழைய புல்லட் 350-இன் பிஸ்டன் 70 மி.மீ. விட்டம் கொண்டது, 90 மி.மீ. ஏறி இறங்கும். நிதானமாகப் போகையில் அந்தத் துடிப்பு தாலாட்டு. ஆனால் அதிர்வைச் சரிக்கட்டும் பேலன்சர் இல்லாத எந்தப் பெரிய ஒற்றைச் சிலிண்டரையும் விரட்டினால், கண்ணாடியில் பின்னால் வரும் லாரி கலங்கித் தெரியும், உள்ளங்கை மரத்துப்போகும்.

வாலாஜாபாத்திலிருந்து வண்டலூர் போகும் வழியில் ஒரகடத்திலும், அருகே வல்லம் வடகாலிலும் ஆலை வைத்திருக்கும் ராயல் என்ஃபீல்டு, 2018-இல் இன்டர்செப்டர் 650, கான்டினென்டல் ஜிடி 650 இரண்டையும் விற்பனைக்குக் கொண்டுவந்தது. இரட்டைச் சிலிண்டர், 648 சிசி, 47 குதிரைத்திறன், ஆறு கியர். ஜிடியில் முன்குனிந்து உட்கார வேண்டும். இன்டர்செப்டரில் நிமிர்ந்து உட்காரலாம். எனக்கு இவை எல்லாவற்றையும்விடப் பிடித்தது உள்ளே பிஸ்டன்களின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக மாற்றும் கிராங்க்.

அதே பெயரில் 1960-களில் வந்த பழைய இன்டர்செப்டரில் இரு பிஸ்டன்களும் சேர்ந்தே ஏறின, சேர்ந்தே இறங்கின. இரண்டு நாடாக்கள் ஒரே நேரத்தில் முட்டுவதுபோல. புதியதில் கிராங்கின் இரு கைகளும் 270 பாகை விலகி நிற்கின்றன. ஒரு பிஸ்டன் முனையில் நிற்கையில் மற்றது நடுவழியில் பாய்ந்துகொண்டிருக்கும். ஒன்று விடும் ஆற்றலை இன்னொன்று வாங்கிக்கொள்கிறது. யமஹா 1995-இல் டிஆர்எக்ஸ்850-இல் கையாண்ட உத்தி இது. மிச்ச உதறலை, கிராங்குக்கு எதிர்த்திசையில் அதே வேகத்தில் சுழலும் பேலன்சர் தண்டு சரிக்கட்டுகிறது. எவ்வளவு அழகான ஏற்பாடு!

இதனால் வெடிப்புகளின் இடைவெளி சமமாக இருப்பதில்லை. ஒன்றுக்கு அடுத்தது 270 பாகையில், அதற்கடுத்தது 450 பாகையில். சாலையோரம் நின்று காது கொடுத்தால் போதும். புல்லட் ஒரே சீராக டுக், டுக் என்று போகும். இது இரண்டு அடி சேர்த்து வைத்து, கொஞ்சம் நின்று, மறுபடி இரண்டு அடி வைக்கும்.