மாநிலங்களவையில் ஒரு காஞ்சிபுரத்துக் குரல்

சி. என். அண்ணாதுரை 1962 மே 1 அன்று மாநிலங்களவையில் ஆற்றிய கன்னிப்பேச்சு, தன் இனத்தின் பெருமையையும் பிறர் மீதான மதிப்பையும் ஒரே மூச்சில் சொல்ல முடியும் என்பதற்குச் சிறந்த சான்று. அந்த ஆண்டுத் தேர்தலில் தி.மு.க. 50 சட்டமன்ற இடங்களைப் பிடித்தது. கட்சியைத் தொடங்கிய அண்ணாவோ சொந்த ஊரான காஞ்சிபுரத்தில் தோற்றுப்போனார். அதன் பிறகே மாநிலங்களவை உறுப்பினராக டெல்லி சென்றார். குடியரசுத் தலைவர் உரைக்கு நன்றி தெரிவிக்கும் தீர்மானத்தின் மீது பேச எழுந்தவரிடம், நாடே எதிர்த்த ஒரு கோரிக்கை இருந்தது: திராவிட நாட்டுக்குத் தன்னுரிமை.

அவர் அந்தக் கோரிக்கையை எடுத்த எடுப்பில் வைக்கவில்லை. இந்தியாவின் ஒரு பகுதியாக இருந்தாலும் வேறொரு மரபைச் சேர்ந்த நிலத்திலிருந்து வருவதாகச் சொன்னார். வேறு என்பதாலேயே பகை என்றாகிவிடாது என்று அப்போதே சேர்த்துக்கொண்டார். திராவிடன் என்று சொல்லிக்கொள்வதில் பெருமை என்றார். அடுத்த வாக்கியத்திலேயே, வங்காளிக்கோ மராட்டியருக்கோ குஜராத்திக்கோ தான் எதிரி இல்லை என்றார். ‘பிற இனத்தார்’ என்று பொதுவாகச் சொல்லி நகராமல், அந்த அவையில் உட்கார்ந்திருந்த மக்களை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி அழைத்தது கவனிக்கத்தக்கது. பெயர் சொல்லப்பட்டவர் தாமும் மதிக்கப்படுவதை உணர்வார்.

துணைக்கு அழைத்த கவிஞரும் தற்செயலான தேர்வாகத் தெரியவில்லை. மனிதன் எந்நிலையிலும் மனிதனே என்று பாடிய ராபர்ட் பர்ன்ஸை அண்ணா நினைவூட்டினார். பர்ன்ஸ், பிரிட்டனுக்குள் அடங்கிவிட்ட ஸ்காட்லாந்தின் கவிஞர்; ஊர்ப் பேச்சு மொழியில் எழுதியே உலகெங்கும் புகழ் பெற்றவர். தன் மண்ணின் மொழியை விடாமலே மனித குலம் முழுவதையும் பேசலாம் என்பதற்கு அவரைவிடப் பொருத்தமான சாட்சி கிடைப்பது அரிது.

இதற்குப் பிறகுதான் வாதம் வந்தது. நாட்டுக்குக் கொடுக்கத் திராவிடரிடம் தனித்த ஒன்று இருக்கிறது, அதனால் தன்னுரிமை கேட்கிறோம் என்றார். கேட்டுப் பெறுபவரின் குரலை விட்டு, கொடுப்பவரின் குரலில் பேசினார். அவையினர் காட்டிய அன்பு, இடையில் எழுந்த இந்திக் குறுக்கீடுகளையும் மறக்கச் செய்கிறது என்று நன்றி சொன்னார். ஒரே நாட்டினராய் இருக்கவே தனக்கும் விருப்பம் என்றார். விருப்பம் வேறு, நடப்பு வேறு என்று மறுப்பையும் கூடவே வைத்தார். கசப்பில்லாத மறுப்புக்கு இதைவிட நல்ல பாடம் நம் நாடாளுமன்ற உரைகளில் குறைவு.

தமிழ் மேடையில் அண்ணாவின் நடை வேறு. அங்கே அடுக்குமொழியும் எதுகை மோனையும் கூட்டத்தைக் கட்டிப்போடும். டெல்லியில் பல மொழிக்காரர்கள் நடுவே ஆங்கிலத்தில் பேசியபோது அந்த அலங்காரங்களை ஒதுக்கிவிட்டு, தெளிந்த வாதத்தையும் எல்லாருக்கும் புரியும் உவமையையும் நம்பினார். எண்ணிக்கைதான் அளவுகோல் என்றால் தேசியப் பறவையாக மயிலுக்குப் பதில் காக்கையை அல்லவா தேர்ந்திருக்க வேண்டும் என்று இந்தி ஆதிக்கம் பற்றி அவர் கேட்டது இன்றும் எடுத்தாளப்படுகிறது.

சீனப் போருக்குப் பின், 1963-இல் பிரிவினைக் கோரிக்கையைத் தி.மு.க. கைவிட்டது. அடையாளம் பற்றிய பேச்சு மட்டும் தொடர்ந்தது. முதலமைச்சரான அண்ணாவின் அரசு 1967 ஜூலை 18 அன்று கொண்டுவந்த தீர்மானத்தின்படி, 1969 ஜனவரி 14 முதல் சென்னை மாநிலம் ‘தமிழ்நாடு’ ஆனது. அடுத்த பிப்ரவரி 3 அன்று அண்ணா மறைந்தார்.

அவர் பிறந்த காஞ்சிபுரத்தின் பெயரைத் தாங்கிய மாவட்டத்தில்தான் இன்றைய திருப்பெரும்புதூர்–ஒரகடம் தொழில்தடம் இருக்கிறது. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998-இல் கார் உற்பத்தியைத் தொடங்கியது. 2010-இல் ஒரகடத்தில் ரெனோ–நிசான் ஆலை வந்தது. வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர் தங்கும் விடுதி வளாகம் 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. தமிழ்நாட்டின் பல மாவட்டத்தாரோடும் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், அசாம், மேற்கு வங்கத்துத் தொழிலாளர்களும் இங்கே உழைக்கிறார்கள். வண்டலூர்–வாலாஜாபாத் சாலையும் சிங்கப்பெருமாள்கோயில் சாலையும் வெட்டிக்கொள்ளும் ஒரகடம் சந்திப்பில் ஷிஃப்ட் முடியும் நேரத்தில் நின்றால், டீக்கடையில் “அண்ணா, ஒரு டீ” என்று ஒடியா வாய் தமிழ் பேசுவதையும், கடைக்காரர் இந்தியில் விலை சொல்வதையும் ஒரே நேரத்தில் கேட்கலாம்.

வந்தவர்களால் தமிழ் தேய்ந்துவிடும் என்ற அச்சமும், ‘வடக்கன்’ என்ற ஏளனமும் இதே சாலையில் உலவுகின்றன. அந்த ஏளனத்துக்கு அண்ணாவின் பேச்சில் இடமில்லை. அவர் எதிர்த்தது ஒரு மொழியின் திணிப்பை. அந்த மொழியைப் பேசும் மனிதரை அவர் அங்கே இழிவு செய்யவில்லை. அந்த உரை பிறந்த நாள் உழைப்பாளர் நாளும்கூட. வரும் மே 1 அன்று இத்தடத்தின் தொழிற்சங்கங்களும் ஆலை நிர்வாகங்களும் அந்த உரையைத் தமிழிலும் இந்தியிலும் ஒடியாவிலும் அச்சிட்டுத் தொழிலாளர் கையில் கொடுக்க வேண்டும்.