வலி போச்சு... கல் போச்சா?

புதுச்சேரி பெரிய மார்க்கெட் பக்கம் போய், 'கிட்னியில கல்லு'ன்னு சும்மா வாயைத் திறந்து பாருங்க. காய்கறிக்கார அக்கா வாழைத்தண்டைக் கையில திணிப்பாங்க. நாட்டு மருந்துக் கடைக்காரர் நெருஞ்சி முள்ளை நீட்டுவார். கூட வந்த ஃப்ரெண்டு மட்டும் காதுக்குள்ள, ''ரெண்டு பீர் போடு மச்சி, கரைஞ்சு ஓடிடும்''பான். நம்ம ஊராச்சே... இந்த வைத்தியத்துக்குத்தான் மவுசு ஜாஸ்தி!

ஸாரி மச்சி, பெரும்பாலான கல் கால்சியம் ஆக்சலேட். அது பீருக்கும் கரையாது, தண்டுக்கும் கரையாது. யூரிக் ஆசிட் கல்லை மட்டும் டாக்டர் தர்ற மருந்தால கரைக்கலாம். 5 மில்லிமீட்டருக்குக் கீழே இருக்கிற கல் பெரும்பாலும் தானாவே வெளியே வந்துடும். பேர் மட்டும் பீருக்குப் போயிடும்!

பைப்ல அடைப்பு

கிட்னியிலிருந்து சிறுநீர்ப்பைக்கு வர்ற குழாய் 25 முதல் 30 சென்டிமீட்டர் நீளம். உள் அகலம் 3, 4 மில்லிமீட்டர்தான். நடுவுல கல் மாட்டினா என்ன ஆகும்? மோட்டார் ஓடுது, பைப் அடைச்சிருக்கு... அதே கதைதான். சிறுநீர் தேங்கி, கிட்னி வீங்கும். உயிர் போற மாதிரி வலிக்கும்.

அந்த வலி சில சமயம் தானா அடங்கிடும். கல் அங்கேயேதான் இருக்கும்! அடைப்பு வாரக்கணக்கில நீடிச்சா, சத்தமில்லாம கிட்னி செயலிழக்க ஆரம்பிக்கும். அதனால வலி நின்னாலும் ஸ்கேன் எடுத்துப் பார்த்துடுங்க. கல்லோட குளிர்க் காய்ச்சலும் வந்தா, அன்னிக்கே ஆஸ்பத்திரி.

கத்தி இல்லாத வைத்தியம்

புதுச்சேரியை பிரெஞ்சுக்காரங்க ஆண்ட காலம் அது. 1824-ல் பாரீஸ்ல ஜான் சிவியால்ங்கிற டாக்டர், வயித்தைக் கிழிக்காம, சிறுநீர் வர்ற வழியாவே கருவியை விட்டு சிறுநீர்ப்பைக் கல்லை உடைச்சார். மயக்க மருந்தும் கிடையாது, உள்ளே என்ன நடக்குதுன்னு பார்க்கவும் முடியாது. 1853-ல் தெசோர்மோங்கிற இன்னொரு பிரெஞ்சு டாக்டர், விளக்கும் கண்ணாடியும் வெச்ச எண்டோஸ்கோப்பைக் கொண்டு வந்தார். உள்ளே வெளிச்சம் வந்தது!

இன்னிக்கு அதே வழியில மெல்லிசான ஸ்கோப் மேலே ஏறி, கல் இருக்கிற இடத்துக்கே போயிடுது. அதுக்குள்ள லேசர் ஃபைபர். தையல் ஊசியைவிட மெல்லிசு. பிசிக்ஸ் கிளாஸ்ல தூங்காம கேட்ட 'முழு அக எதிரொளிப்பு'தான் லேசர் ஒளியைக் கல் வரைக்கும் கொண்டு போகுது. ஹோல்மியம் லேசர் பட்டதும் கல் பொடிப்பொடி. மயக்க மருந்து உண்டு, தையல் கிடையாது. வளையுற ஸ்கோப்பா இருந்தா கிட்னிக்குள்ளேயே போகும். கிட்னி கல் 2 சென்டிமீட்டரைத் தாண்டினா, பெரும்பாலும் முதுகுப் பக்கம் சின்னதா துளை போட்டு எடுப்பாங்க. நம்ம கோரிமேடு ஜிப்மர்ல இதுக்குன்னே சிறுநீரகவியல் துறை இருக்கு.

மறந்துடாதீங்க பாஸ்!

கல்லை எடுத்த பிறகு, குழாய் வீங்கி அடைச்சிக்காம இருக்க பல பேருக்கு உள்ளே ஒரு சின்ன டியூப் வைப்பாங்க. பேரு டி.ஜே. ஸ்டென்ட். சில நாள்ல, இல்லேன்னா சில வாரத்துல எடுத்தாகணும். ஆனா, 'வலிதான் போச்சே, லீவு போட்டா கூலி போகுமே'ன்னு திரும்பிப் போகாதவங்க உண்டு. மாசக்கணக்கில விட்டா, ஸ்டென்ட் மேலேயே கல் படியும். கல்லை எடுக்க வெச்ச குழாயை எடுக்க இன்னொரு ஆபரேஷன்! சிலருக்குக் கிட்னியே போயிருக்கு.

உங்க வீட்ல யாருக்காவது ஸ்டென்ட் வெச்சிருந்தா, எடுக்க வேண்டிய தேதியை உங்க செல்போன்ல அலாரமா போட்டு வைங்க. அப்பாவோ அம்மாவோ நாள் பூரா வெயில்ல கடை போடுறவங்களா? தண்ணி பாட்டிலையும் கையில கொடுத்து அனுப்புங்க. ஒரு நாளைக்கு 2 முதல் 2.5 லிட்டர் சிறுநீர் போற அளவுக்குக் குடிச்சா, மறுபடி கல் வர்ற வாய்ப்பு குறையும். பீர் இல்லை பாஸ்... தண்ணி, வெறும் தண்ணி!