சொற்களின் யாத்திரை: ஸ்டோகி

நம்முடைய சுருட்டு கப்பலேறிப் போய் ஆங்கிலத்தில் 'செரூட்' என்று பெயர் மாற்றிக்கொண்ட விருத்தாந்தத்தைச் சென்ற வாரம் பார்த்தோம். அமெரிக்காவில் மலிவுச் சுருட்டுக்கு வழங்கும் 'ஸ்டோகி' என்னும் கொச்சைச் சொல்லோ பாரவண்டியோடு வந்தது.

பென்சில்வேனியா ராஜ்யத்தில், லங்காஸ்டர் ஜில்லாவில், கோனஸ்டோகா என்றொரு சிற்றாறு ஓடுகிறது. அதன் பக்கத்தில் வாழ்ந்த பூர்வகுடி மக்களுக்கும் அதுவே பெயர். 1763 டிசம்பரில் ஒரு வெள்ளையர் கும்பல் அவர்களில் இருபது பேரைக் கொன்று தீர்த்தபின் அவர்களுடைய கிராமம் பாழாயிற்று. பெயர் மட்டும், அங்கே குடியேறியிருந்த ஜெர்மானியக் குடியானவர்கள் மலைப்பாதைக்கென்றே செய்த ஒரு வண்டிக்கு ஏற்கெனவே ஒட்டிக்கொண்டிருந்தது.

அந்த வண்டி விசித்திரமானது. மேட்டில் ஏறும்போதும் பள்ளத்தில் இறங்கும்போதும் சரக்கு சரிந்து விழாதபடி அடித்தளத்தை நடுவில் தாழ்த்தி, இரு முனைகளையும் தோணியைப் போல உயர்த்தி, மேலே வெள்ளைக் கித்தான் போர்த்தி, ஆறு குதிரைகள் வரை பூட்டினார்கள். இத்தனையும் யோசித்தவர்கள் வண்டியோட்டிக்கு முன்னால் ஓர் ஆசனம் வைக்க வேண்டுமென்று யோசிக்கவில்லை. அவன் இடப்பக்கமாக நடந்தே வருவான். கால் ஓய்ந்தால் சக்கரத்தை ஒட்டிய இடப்பக்கக் குதிரைமேல் ஏறிக்கொள்வான், அல்லது இரு சக்கரங்களுக்கும் நடுவே வெளியே இழுத்துவிடும் ஒரு பலகையில் சற்றே குந்துவான். அந்தப் பலகைக்குச் 'சோம்பேறிப் பலகை' என்று பெயர். நாளெல்லாம் புழுதியில் நடக்கிறவனுக்கு இந்தப் பட்டத்தைக் கட்டிய புண்ணியவான் ஒருநாளாவது அவனோடு நடந்திருப்பானா என்பது சந்தேகமே.

இப்படி நடக்கிறவனுடைய கையில் சவுக்கும் வாயில் சுருட்டும் இருந்தன. முரட்டு இலையில், ஒல்லியாய், நீளமாய், அவசரமாய்ச் சுருட்டிய மலிவுச் சரக்கு அது. 'கோனஸ்டோகா'வின் முன்பாதி தேய்ந்து 'ஸ்டோகா' ஆகி, பிறகு 'ஸ்டோகி' என்று நின்றது. லங்காஸ்டரில் புகையிலை விளைந்ததால் இலையைப் பற்றியே இப்பெயர் வந்ததென்று வாதிப்பவர்களும் உண்டு. அந்த வாதம் எனக்கு ருசிக்கவில்லை. ஏனென்றால் முரட்டுத் தோலில் தைத்த கனத்த பூட்ஸுக்கும் இதே பெயர் வழங்கியிருக்கிறது. காலில் போட்டதற்கும் வாயில் வைத்ததற்கும் ஒரே பெயரென்றால், அது இரண்டையும் உபயோகித்த ஆளிடமிருந்து வந்ததென்று கொள்வதே நியாயம்.

1818-இல் தேசிய நெடுஞ்சாலை ஒஹாயோ நதிக்கரையிலுள்ள வீலிங் நகரத்தை எட்டியதும், வண்டிக்காரர்களும் நீராவிப் படகுப் பிரயாணிகளும் சந்திக்கிற துறையாக அவ்வூர் செழித்தது. மிஃப்லின் மார்ஷ் என்பவர் 1840-இல் அங்கே சுருட்டுத் தொழில் தொடங்கி, இந்த இரு சாராருக்கும் விற்றார். 'வீலிங் ஸ்டோகி' தேசமெங்கும் பிரசித்தமாயிற்று. பிட்ஸ்பர்க்கும் போட்டிக்கு வந்தது.

1853-இல் பால்டிமோரிலிருந்து வீலிங் வரைக்கும் ரயில் ஓடத் தொடங்கியதும், பாரவண்டிகளுக்கு வேலை குறைந்து, சில வருஷங்களில் அவை வழக்கொழிந்தன. சுருட்டோ ரயிலேறி இன்னும் தூரதேசங்களுக்குப் போயிற்று. இன்றைய அமெரிக்கர்கள் எவ்வளவு உயர்ந்த விலைச் சுருட்டையும் ஸ்டோகி என்று செல்லமாகச் சொல்லுகிறார்கள். அகராதிக்காரர்கள்தாம் 'மலிவான' என்ற அடைமொழியை இன்னும் விடாமல் வைத்திருக்கிறார்கள்.