கடைக்கு இணையதளம்: பெயர் யார் கையில்?

நமது சங்க அங்கத்தவர்களுள் மளிகைக் கடை, புடவைக் கடை, விசேஷங்களுக்குச் சமையல் என்று இங்கிலாந்தில் சிறு தொழில் நடத்துவோர் பலர். முதன்முதலாக இணையதளம் அமைக்க முற்படும் அன்பர்கள், நிறத்தையும் படத்தையும் பற்றி யோசிக்குமுன் ஒன்றைக் கவனிக்க வேண்டுகிறோம்.

தளத்தின் பெயர் ஒரேயடியாக வாங்கிவிடும் சொத்தன்று. ஆண்டுக் கணக்கில் எடுக்கும் குத்தகை போன்றது. 'டாட் காம்' பெயரை ஒரு தடவையில் 10 ஆண்டுகளுக்குமேல் பதிய முடியாது. 'டாட் யூகே' பெயர்களின் பதிவேட்டை 1996 முதல் நாமினெட் நிறுவனம் வைத்திருக்கிறது. ஏட்டில் எவர் பெயர் இருக்கிறதோ, உரிமை அவருக்கே. தெரிந்த பிள்ளை ஒருவர் அன்போடு செய்து கொடுத்து, தம் பெயரிலேயே பதிந்துவிட்டால், புதுப்பிக்கும்படி வரும் அறிவித்தலும் அவருக்கே போகும். அவர் வேறு ஊரில் வேலையாகிப் போயிருப்பார். தவணை தப்பிச் சில காலம் சென்றால், யாரும் அப்பெயரை எடுத்துக்கொள்ளலாம். பையிலும் பலகையிலும் அச்சடித்ததெல்லாம் வீண். பணம் கொடுத்தது நான்தானே என்று பிறகு வாதாடுவது பெரும்பாடு. ஆகவே பதிவும் கடவுச்சொல்லும் உங்களிடமே இருக்கட்டும்.

மற்றவை சுலபம். 2002ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி தொழிலின் பெயர், இருப்பிட முகவரி, மின்னஞ்சல் மூன்றையும் தளத்தில் காட்டவேண்டும். தளத்தின்வழி புடவை விற்றால், கிடைத்த 14 நாட்களுக்குள் வாடிக்கையாளர் வேண்டாமென்று சொல்லலாம். விரைவில் கெட்டுப்போகும் பலகாரத்துக்கு அது பொருந்தாது.

கடை திறக்கும் நேரத்தை மாற்றி எழுத வீட்டில் ஒருவரைப் பழக்கிவையுங்கள். தைப்பொங்கலன்று பூட்டிய கதவைப் பார்க்கவா அம்மா இரண்டு பஸ் ஏறி வந்தார்?