பலகை பதிக்கும் முன்பே எழுதி வாங்குங்கள்

கடைகளில் ‘வுட்டன் ஃப்ளோரிங்’ என்ற ஒரே பெயரில் மூன்று வேறு பொருள்கள் விற்கின்றன. முழுக்க ஒரே மரத்தில் அறுத்த பலகை ஒன்று. மேலே சில மில்லிமீட்டர் நல்ல மரமும் அடியில் பிளைவுட் அடுக்குகளும் கொண்ட என்ஜினீயர்டு பலகை இன்னொன்று. மூன்றாவது லேமினேட், நம் கால் படும் பரப்பில் மரமே கிடையாது. மரநாரை அழுத்திச் செய்த அட்டையின் மேல், மரத்தின் படம் அச்சிட்ட காகிதத்தை ஒட்டிப் பூச்சு ஏற்றியிருப்பார்கள். தேக்குப் பலகையைத் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றிப் பல பத்தாண்டுகள் வைத்துக்கொள்ளலாம். என்ஜினீயர்டு பலகையின் மேலடுக்கு 2 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் தேய்க்க இடமில்லை. லேமினேட் கீறினால் மாற்றத்தான் வேண்டும். இவ்வளவு வித்தியாசம் இருந்தும் பில்லில் ‘மரத்தரை, இத்தனை சதுர அடி’ என்று மட்டும் இருந்தால், நாளை எதைக் காட்டி நியாயம் கேட்பது? மரத்தரை வாங்குபவரின் உரிமை, பலகை பதிக்கும் முன் அவர் கையில் சேர்ந்த காகிதத்தில்தான் இருக்கிறது என்பேன்.

காரணம் மரத்தின் இயல்பிலேயே இருக்கிறது. காற்றின் ஈரப்பதம் 65 சதவீதமாக இருக்கும்போது மரத்தில் சுமார் 12 சதவீத ஈரம் தங்கும். காற்றில் 80 ஆனால் மரத்தில் 16. சூளையில் 6 முதல் 9 சதவீதம் வரை உலர்த்திய பலகையைப் பிரித்த அன்றே கடலோர ஊரில் பதித்தால், ஐப்பசி மழையில் அது அகலவாக்கில் உப்பும். அதற்கு இடம் தரத்தான் சுவரோரம் 10, 12 மில்லிமீட்டர் இடைவெளி விட்டு ஸ்கர்ட்டிங்கால் மூடுகிறார்கள். அதை விடாவிட்டால் தரை நடுவில் கூடாரம்போல் எழும்பும். இதைவிடக் கேடு அடியிலிருந்து வருவது. புது சிமெண்ட் தளம் மேலே காய்ந்து தெரிந்தாலும் உள்ளே மாதக்கணக்கில் ஈரம் இருக்கும். ஒரு பிளாஸ்டிக் தாளைத் தளத்தில் விரித்து, நான்கு ஓரமும் டேப் ஒட்டி ஒரு நாள் விட்டால் போதும். அடியில் முத்து முத்தாக நீர் கோத்தால் தளம் தயாராகவில்லை. நம் வெயிலுக்கும் மழைக்கும் மரத்தரையே ஒத்துவராது என்பவர்கள் உண்டு. ஆனால் நாஞ்சில் நாட்டுப் பழைய வீடுகளின் மச்சுப் பலகைகள் தலைமுறைகளைத் தாண்டியவை. அவற்றுக்கு மேலும் கீழும் காற்று இருந்தது. அடுக்குமாடி வீட்டில் கீழே சிமெண்ட், மேலே ஏசி. பதிக்கும் முறைதான் மாற வேண்டும்.

தரை கெட்டதும் விற்றவர் சொல்லும் முதல் பதில், ‘தண்ணீர் ஊற்றித் துடைத்திருப்பீர்கள்’ என்பது. அதில் உண்மையும் உண்டு. தினமும் வாளித் தண்ணீரில் மாப் போடும் நம் வழக்கம் மரத்துக்கு ஆகாது. பெருக்கிவிட்டு, நன்றாகப் பிழிந்த துணியால் ஒற்றி எடுப்பதே சரி. நீராவி மாப் அறவே கூடாது. ஆனால் அதை வாங்கும் அன்றே சொல்ல வேண்டியவர் யார்? தெரிவிக்க வேண்டிய தகவலை வேண்டுமென்றே மறைப்பதும் சேவைக் குறைபாடு என்கிறது 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். கெட்ட பலகையும் சாட்சி சொல்லும். பலகையின் இரு ஓரங்களும் உயர்ந்து நடு குழிந்திருந்தால், மேல்பக்கத்தைவிட அடிப்பக்கத்தில் ஈரம் அதிகம் என்று பொருள். துடைக்கும் துணியே எட்டாத கட்டிலடியிலும் அப்படி இருந்தால் பழியை வீட்டுக்காரர் மேல் போடுவது கடினம். பதிக்கும் நாளன்று தளத்திலும் பலகையிலும் ஈரமானி காட்டிய அளவை எழுதிக் கையெழுத்து வாங்கியிருந்தால் வாதமே எழாது. தெரிந்த மேஸ்திரியிடம் இதையெல்லாம் கேட்பதா என்று தயங்க வேண்டாம். பின்னால் வீட்டுக்காரர் தண்ணீர் தேங்கவிட்டால் அதே காகிதம் மேஸ்திரியையும் காப்பாற்றும்.

ஒரு தரைக்காகக் கோர்ட்டுக்கு அலைவதா என்ற சலிப்பு புரிகிறது. ஆனால் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கட்டணமே இல்லை, வழக்கறிஞர் கட்டாயமில்லை, நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனு தரலாம். அதற்கு முன் 1915 என்ற தேசிய உதவி எண்ணில் புகார் செய்து பார்க்கலாம். பில் தர மறுப்பதே நியாயமற்ற வணிக நடைமுறை. தரையோடு சேர்த்து வீட்டைக் கட்டுநரிடம் வாங்கியவருக்கு இன்னொரு வழியும் உண்டு. பதிவுசெய்த திட்டங்களில், வீட்டை ஒப்படைத்த 5 ஆண்டுக்குள் வேலைத்திறனிலோ தரத்திலோ குறை தெரிந்து முறையிட்டால், 30 நாளில் செலவு வாங்காமல் சரிசெய்ய வேண்டும் என்பது 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டம். நுகர்வோர் ஆணையத்துக்கோ 2 ஆண்டுதான் கெடு. ‘அடுத்த வாரம் ஆள் அனுப்புகிறோம்’ என்ற பேச்சிலேயே அது கரைந்துவிடும் என்பதால், முதல் புகாரை எழுத்தில், படங்களோடு அனுப்புங்கள். வேலை முடிந்து மிஞ்சும் பலகைகளில் இரண்டைப் பெட்டியின் லேபிளோடு சுற்றிப் பரண்மேல் வையுங்கள். ஆணையம் மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்ப நேர்ந்தால், யார் காலும் படாத, எந்தத் துணியும் துடைக்காத பலகை அதுவாகத்தான் இருக்கும்.