ரயில் டிக்கெட்டுக்கு ஒரு நீதி, கச்சேரி டிக்கெட்டுக்கு ஒரு நீதி

புதுதில்லி: ரயில் டிக்கெட்டுகளை வாங்கிக் குவித்துக் கள்ளச்சந்தையில் விற்பவருக்குச் சிறைத்தண்டனை உண்டு. இசை நிகழ்ச்சி டிக்கெட்டைப் பத்து மடங்கு விலைக்கு விற்பவரை என்ன செய்வது? 2025 ஜனவரியில் அடுத்தடுத்த இரு நாள்களில் வெளியான இரண்டு தீர்ப்புகள் இந்த முரண்பாட்டை வெளிச்சமிட்டுக் காட்டின.

ஜனவரி 9-ஆம் தேதி உச்ச நீதிமன்றம், 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 143-ஆவது பிரிவு இணையவழி டிக்கெட்டுகளுக்கும் பொருந்தும் என்று தீர்ப்பளித்தது. நூற்றுக்கணக்கான போலிக் கணக்குகளைத் தொடங்கி டிக்கெட் எடுத்து விற்றதாகக் கேரளத்தில் ஒருவர் மீது தொடரப்பட்ட வழக்கு அது. இணையம் பரவுவதற்கு முன்பே இயற்றப்பட்ட சட்டம் என்ற வாதம் எடுபடவில்லை. அப்பிரிவின்படி மூன்று ஆண்டுகள் வரை சிறை, ரூ. 10,000 வரை அபராதம் விதிக்கலாம்.

மறுநாளே மும்பை உயர் நீதிமன்றம், இசை நிகழ்ச்சி, கிரிக்கெட் போட்டி போன்றவற்றின் டிக்கெட்டுகள் கள்ளச்சந்தைக்குச் செல்வதைத் தடுக்க வழிகாட்டு நெறிமுறைகள் கோரிய பொதுநல மனுவைத் தள்ளுபடி செய்தது. இது சட்டமன்றமும் அரசும் முடிவு செய்ய வேண்டிய கொள்கை விஷயம் என்பது நீதிமன்றத்தின் நிலை. பந்து அரசியல்வாதிகளின் மைதானத்துக்குத் திரும்பிவிட்டது.

அந்த மனுவுக்குக் காரணம், 2024 செப்டம்பர் 22-இல் நடந்த கோல்ட்பிளே இசைக்குழுவின் டிக்கெட் விற்பனை. நவி மும்பை டி.ஒய். பாட்டீல் மைதானத்தில் நடைபெறவிருந்த நிகழ்ச்சிக்கு, 1.3 கோடிப் பேர் இணையத்தில் வரிசையில் நின்றதாக விற்பனை செய்த புக்மைஷோ நிறுவனமே கூறியது. ரூ. 2,500-இல் தொடங்கி ரூ. 35,000 வரை விலையிடப்பட்ட டிக்கெட்டுகள் விரைவிலேயே வெளிநாட்டு மறுவிற்பனைத் தளங்களில் லட்சக்கணக்கான ரூபாய்க்குப் பட்டியலிடப்பட்டன. அத்தளங்களுக்கும் தங்களுக்கும் தொடர்பில்லை என்று கூறிய அந்நிறுவனம் காவல் துறையில் புகார் அளித்தது.

பாடகர் தில்ஜித் தோசாஞ்சின் தில்லி நிகழ்ச்சியிலும் இதே கதை. நிகழ்ச்சிக்கு முந்தைய நாள், அக்டோபர் 25-இல், ஐந்து மாநிலங்களில் 13 இடங்களில் அமலாக்கத் துறை சோதனை நடத்தியது. இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப், டெலிகிராம் வழியாக டிக்கெட்டுகள் கைமாறியதும், அவற்றில் போலிகள் கலந்திருந்ததும் தெரியவந்ததாக அத்துறை அறிவித்தது.

சட்டமே இல்லை என்று சொல்லிவிடவும் முடியாது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 112-ஆவது பிரிவு, "சிறு அமைப்புசார் குற்றங்கள்" பட்டியலில் திருட்டு, பொருள் பறிப்பு, தேர்வு வினாத்தாள் விற்பனை ஆகியவற்றோடு அனுமதியற்ற டிக்கெட் விற்பனையையும் சேர்த்திருக்கிறது. தண்டனை ஓராண்டு முதல் ஏழு ஆண்டுகள் வரை. ரயில் டிக்கெட் கள்ளச்சந்தைக்கு உரியதைவிட இருமடங்குக்கும் அதிகம்! ஆனால், அனுமதி என்பது யாருடைய அனுமதி? எந்த டிக்கெட்? எவ்வளவு விலைக்கு விற்றால் குற்றம்? பிரிவு வாய் திறக்கவில்லை. குற்றவாளி ஒரு குழுவையோ கும்பலையோ சேர்ந்தவராக இருக்க வேண்டும் என்பது மட்டும் தெளிவு. எனவே தனி ஆளாக நான்கு டிக்கெட் வாங்கி நாற்பது மடங்கு விலைக்கு விற்பவர் தப்பிவிடலாம். 2023 டிசம்பரில் நூற்றுக்கும் மேற்பட்ட எதிர்க்கட்சி உறுப்பினர்கள் இடைநீக்கம் செய்யப்பட்டிருந்த நேரத்தில் நிறைவேறிய சட்டம் இது. இத்தகைய கேள்விகளைக் கேட்க வேண்டிய இருக்கைகள் பலவும் அன்று காலியாகக் கிடந்தன.

மறுவிற்பனை அனைத்தையும் குற்றமாக்குவதும் நியாயமாகாது. ஆறு மாதங்களுக்கு முன்பே டிக்கெட் வாங்கியவருக்கு உடல்நலக் குறைவு ஏற்படலாம். அலுவலகத்தில் விடுப்பு கிடைக்காமல் போகலாம். பெரும்பாலான நிகழ்ச்சிகளில் பணம் திரும்பக் கிடைக்காது. அவர் தம் டிக்கெட்டை வாங்கிய விலைக்கே விற்க முன்வந்தாலும், முன்பின் தெரியாதவரைச் சமூக ஊடகத்தில்தான் தேட வேண்டும். போலி விற்பவரும் அங்கேதான் இருக்கிறார்.

விந்தை என்னவென்றால், இதற்கான தீர்வு இந்தியர்களுக்கு ஏற்கெனவே அத்துபடி. ரயிலில் பயணத்தை ரத்து செய்பவர் பிடித்தம் போகப் பணத்தைப் பெறுகிறார். அவரது இடம் காத்திருப்போர் பட்டியலில் அடுத்து நிற்பவருக்குக் குறித்த விலையில் போகிறது. இடைத்தரகருக்கு அங்கே வேலையில்லை. உறுதியான டிக்கெட்டை 24 மணி நேரத்துக்கு முன் விண்ணப்பித்து நெருங்கிய குடும்பத்தினர் பெயருக்கு மாற்றவும் வழியுண்டு. எந்த ஒதுக்கீடு எதற்கு என்பதும் பயணிகளுக்குத் தெரியும். இசை நிகழ்ச்சிகளிலோ, விளம்பரதாரர்களுக்கும் சலுகை அட்டைதாரர்களுக்கும் போனது போகப் பொது விற்பனைக்கு எத்தனை டிக்கெட் வந்தது என்பது அமைப்பாளர்களுக்கே வெளிச்சம்.

மற்ற நாடுகள் விலையைப் பிடித்துக் கட்டுப்படுத்துகின்றன. அயர்லாந்து 2021-இல் குறித்த விலைக்கு மேல் மறுவிற்பனையைத் தடை செய்தது. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில், அரசு அறிவிக்கும் பெரிய நிகழ்ச்சிகளுக்குப் பத்து சதவீதம் வரை மட்டுமே கூடுதலாகப் பெறலாம். வாங்கிய விலைக்கு மேல் விற்பதைத் தடை செய்யப்போவதாக பிரிட்டிஷ் அரசும் 2025 நவம்பரில் அறிவித்தது. இங்கே, 2025 ஜனவரியில் புவனேசுவரத்தில் பேசிய பிரதமர் மோடி, கோல்ட்பிளே நிகழ்ச்சிகளைச் சுட்டிக்காட்டி இசை நிகழ்ச்சிப் பொருளாதாரத்தை மாநிலங்கள் ஊக்குவிக்க வேண்டும் என்றார். டிக்கெட் வாங்குபவரின் உரிமைக்கு அந்தப் பொருளாதாரத்தில் என்ன இடம் என்பது இன்னும் பேசப்பட வேண்டியது.

மாநிலங்கள் தில்லியைப் பார்த்துக் காத்திருக்க வேண்டிய அவசியமும் இல்லை. விளையாட்டும் கேளிக்கையும் அரசியல் சாசனத்தின் ஏழாவது அட்டவணையில், மாநிலப் பட்டியலின் 33-ஆவது இனம். குறித்த விலைக்கு மேல் மறுவிற்பனைக்குத் தடை, டிக்கெட் விற்பவரே திரும்பப் பெறும் வசதி, பொது விற்பனைக்கு வந்த எண்ணிக்கையை வெளியிடும் கட்டாயம் ஆகியவற்றை எந்த மாநிலச் சட்டப்பேரவையும் ஒரே மசோதாவில் கொண்டுவரலாம். வருவாய்க் காரணமும் உண்டு: ரூ. 500-க்கு மேற்பட்ட இசை நிகழ்ச்சி டிக்கெட்டுக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. வசூலாகிறது, அதில் பாதி மாநிலத்துக்கு. வாட்ஸ்அப்பில் கைமாறும் லட்சங்களில் ஒரு பைசாகூடக் கருவூலத்துக்கு வருவதில்லை.