பழைய எனாமல் சின்னங்கள்

எனாமல் கோப்பை நிலத்தில் விழுந்தால் சில்லுத் தெறிக்கும் என்பது நமக்குத் தெரியும். ஏனெனில் எனாமல் வெறும் வர்ணப்பூச்சு அல்ல, கண்ணாடித் தூள். அதை உலோகத்தின்மேல் இட்டு, ஏறத்தாழ 800 பாகை செல்சியஸ் வெப்பத்தில் உருக்கி ஒட்டவைக்கிறார்கள்.

இங்கிலாந்தில் பிள்ளைப் பராமரிப்புப் பயிற்சி பெற்ற பெண்கள் அணிந்த பழைய சின்னங்கள் பலவும் இவ்வாறு செய்யப்பட்டவையே. 1892இல் எமிலி வார்ட் என்ற அம்மையார் லண்டனில் நோர்லண்ட் நிறுவனத்தைத் தொடங்கினார். அதுவரை பிள்ளை பார்ப்பதை ஒரு படிப்பாகப் பலர் எண்ணவில்லை. 1945இல் இதற்கென தேசியப் பரீட்சைச் சபை ஒன்றும் உருவாகி, 1994இல் வேறொரு சபையுடன் இணைந்தது. அந்நியர் வீட்டு வாசலில் வேலைக்கு நின்ற இளம் பெண்ணுக்கு, தான் கற்றவள் என்று காட்ட அச்சின்னம் உதவியது. இன்று அவற்றைச் சேகரிப்போர் பலர்.

சேகரிப்பவர் முதலில் பின்புறத்தையே பார்க்க வேண்டும். வெள்ளியாயின் சிங்க முத்திரை இருக்கும். நங்கூரம் இருந்தால் பேர்மிங்காமில் சோதிக்கப்பட்டது. பக்கத்திலுள்ள எழுத்து ஆண்டைக் குறிக்கும். சிலவற்றில் உரியவரின் பெயரும் பொறிக்கப்பட்டிருக்கும். பெயர் பொறித்தது மதிப்புக் குறைந்தது என்பாருமுண்டு. எனக்கு அது ஏற்பில்லை. பெயரில்லாத சின்னம் யாருடைய கதையையும் சொல்லாது.

பித்தளை விளக்கைத் துலக்குவதுபோல் புளியோ தேசிக்காயோ போட்டுத் தேய்க்கக் கூடாது. புளிப்பு எனாமலின் மினுக்கத்தைக் கெடுக்கும். சற்றே ஈரமான மெல்லிய துணியால் துடைத்து, உடனே உலர்த்தி, ஒன்றோடொன்று உரசாதபடி தனித்தனியே துணியில் சுற்றி வையுங்கள்.